சத்தம் போடாத ஊஞ்சல்

அன்றைக்குச் சாயங்காலம் என் மனைவி கமலவேணி ஒரு பழைய கிரைண்டர் டிரம்மைக் கவிழ்த்துப்போட்டு, அதன்மேல் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். மேலே முருங்கை மரம். சுற்றிலும் என் இரும்பு.

பாதி டம்ளர்கூடக் குடித்திருக்க மாட்டாள். டிரம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நல்லவேளை, பக்கத்தில் கிடந்த மோட்டார் பாடியைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள். டீ மட்டும் கொட்டியது. அவள் திரும்பியபோதுதான் பார்த்தேன். போன தீபாவளிச் சேலையின் பின்பக்கத்தில் தோசைக்கல் அளவுக்கு வட்டமாகக் கருப்பு கிரீஸ்.

திட்டியிருந்தால் பிழைத்திருப்பேன். எங்கள் கொங்கு நாட்டில் பெண்களுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, மரியாதை ஏறும்.

"ஏனுங்க, நான் ஒண்ணு கேக்கறேன், தப்பா நெனைக்காதீங்க. இந்த ஊட்டுல நான் உக்காந்து ஒரு டம்ளர் டீயச் சூடாக் குடிக்கறதுக்கு ஒரு எடஞ் சொல்லுங்க பாக்கலாம்."

யோசித்தேன். ஹாலில் டி.வி.க்கு எதிரே இருக்கும் நாற்காலி என்னுடையது. சமையலறை நின்றுகொண்டே இருக்கிற இடம். படுக்கையறைக் கட்டிலில் மடிக்காத துணி. முன்வாசலில் என் ஸ்கூட்டர். கடைசியில், "யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். அதைவிடப் பேசாமல் இருந்திருக்கலாம்.

இரும்பு குடிவந்த கதை

கோயமுத்தூர் கணபதியில் நான் லேத் பட்டறை வைத்திருந்ததையும் அதை மூடியதையும் போன வாரம் இந்தப் பகுதியில் எழுதியிருந்தேன். மூடிய பட்டறையிலிருந்த சாமானெல்லாம் என்ன ஆயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். எங்கள் வீட்டுப் பொடக்காலிக்கு வந்து சேர்ந்தது. கொல்லைப்புறத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்.

மிஷின்களை விற்றுவிட்டேன். ஆனால் ஆங்கிள் துண்டு, சேனல் துண்டு, புல்லி, தேய்ந்த பேரிங், பல் போன கியர் இதையெல்லாம் விற்க மனசு வருமா? "என்னைக்காவது ஆகும்" என்று வீட்டுக்குக் கொண்டுவந்தேன். கோயமுத்தூர்க்காரன் வாயில் தினம் ஒரு முறையாவது வரும் வாக்கியம் அது. அந்த என்றைக்காவது வருவதற்குள் துவைக்கிற கல் மறைந்தது, கறிவேப்பிலைச் செடி மறைந்தது, கமலவேணி துணி காயப்போடும் கொடிக்குப் பக்கவாட்டில்தான் போக முடியும் என்றாயிற்று.

சரவணம்பட்டியில் ஒரு குடை

கிரீஸ் பட்ட சேலையை அவள் நனைத்துக்கொண்டிருக்கும்போதே எங்கள் மகள் நித்யா போன் செய்தாள். சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, அங்கேயே அடுக்குமாடியில் வீடு. அதே கட்டிடத்தில் ஒரு ஃப்ளாட் காலியாகிறது, கணபதி வீட்டை விற்றுவிட்டு இரண்டு பேரும் அங்கேயே வந்துவிடுங்கள் என்று வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு வழக்கத்துக்கு மாறாகக் கமலவேணி மறுப்பு ஒன்றும் சொல்லவில்லை. "அங்க கீழ தோட்டத்துல கொடை நட்டு நாற்காலி போட்டிருந்தாங்களே, அது அப்படியே இருக்குதா கண்ணு?" என்று மட்டும் கேட்டாள்.

அந்தக் கட்டிடத்தில் ஓர் ஆணி அடிக்க வேண்டுமென்றாலும் சங்கத்தில் அனுமதி கேட்க வேண்டுமாம். ஆணி அடிக்காமல் என்னால் ஒரு வாரம் இருக்க முடியாது. கமலவேணி இல்லாமல் ஒரு நாள்கூட இருக்க முடியாது. இரண்டையும் வெளியே சொல்லவில்லை.

அப்போது ஆடி பிறக்கிற நேரம். வீடு விற்கிற பேச்சையும் வாங்குகிற பேச்சையும் எங்கள் பக்கம் ஆடியில் எடுப்பதில்லை. "ஆவணி பொறக்கட்டும், பதில் சொல்றேன்" என்று மகளிடம் சொல்லிவிட்டு, அதுவரை அங்கே இருந்து பார்த்துவிட்டு வருகிறேன் என்று பெட்டியைக் கட்டினாள்.

வாசலில் நின்று, "சாப்பாட்டுக்கு என்னுங்க பண்ணுவீங்க?" என்றாள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். ஆடி முழுக்க எனக்குக் கிடைத்திருக்கிறது என்பதுதான் என் மனதில் ஓடியது. அவள் திரும்பி வருவதற்குள் அந்தப் பொடக்காலியை, உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராத இடமாக மாற்றிக் காட்டிவிட வேண்டும்.

காந்திபுரத்தில் ஒரு கூடை

முதல் வேலையாக இரும்பைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பினேன். வண்டி தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். மறுநாள் அதே கடைக்குப் போய் இரண்டு சேனல் சட்டங்களையும் தேயாத ஒரு பேரிங் ஜோடியையும் விலை கொடுத்துத் திரும்ப வாங்கி வந்தேன். என்றைக்காவது ஆகும் என்று நான் சொன்னது பொய்யில்லை பாருங்கள். மறுநாளே ஆகிவிட்டது.

எதற்கென்றால், ஊஞ்சலுக்கு. காந்திபுரத்தில் ஒரு கடையில் கூடை மாதிரி பின்னிய ஊஞ்சல் தொங்கவிட்டிருந்தார்கள். நித்யா முன்பொரு தடவை போனில் படம் அனுப்பியிருந்தாள், அப்பா, இதை வாங்கிப் போடுங்கள், அம்மாவுக்குப் பிடிக்கும் என்று. போய்ப் பார்த்தேன். கூடையைத் தாங்கும் கம்பியைத் தட்டிப் பார்த்தேன். ஒரு கோழி உட்காரலாம், அதுவும் குஞ்சில்லாமல் வந்தால். கடைக்காரப் பையன் உட்கார்ந்து பாருங்கள் சார் என்றான். உட்காராமலே கடையைவிட்டு இறங்கி, எதிரே பேக்கரியில் ஒரு டீயைக் குடித்தேன். டீ முடிவதற்குள் ஊஞ்சலின் படம் மனதில் வரைந்தாகிவிட்டது.

இதை வியாதி என்றுதான் சொல்ல வேண்டும். எந்தப் பொருளைப் பார்த்தாலும், "இத நாமளே செஞ்சுக்கலாமே" என்று தோன்றும் வியாதி. ஊரில் பாதிப் பேருக்கு உண்டு. ஒரு சமயம் நாங்கள் பட்டறைக்காரர்கள் சிலர் குடும்பத்தோடு ஓர் அரண்மனை பார்க்கப் போனோம். பெண்களும் குழந்தைகளும் கண்ணாடி விளக்கைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். நாங்கள் எல்லோரும் அதற்கு மேலே பார்த்துக்கொண்டிருந்தோம். அவ்வளவு கனத்தைத் தாங்குகிற கொக்கி எப்படி இருக்கிறது என்று.

அப்படிப்பட்ட ஆள் செய்த ஊஞ்சல் எப்படி இருக்கும்? சேனலைக் காலாக நட்டுக் கான்கிரீட் போட்டேன். பட்டறையில் இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸ் மாட்டியிருந்த தேக்குப் பலகையை இழைத்து உட்காரும் பலகையாக்கினேன். அதில் வைஸின் போல்ட்டுக்குப் போட்ட பெரிய ஓட்டை அப்படியே இருந்தது. டம்ளர் வைத்துப் பார்த்தேன், கச்சிதமாக உட்கார்ந்தது. சங்கிலி தொங்குகிற இடத்தில் லாரிச் சக்கரத்துக்குப் போடுகிற பேரிங். கிரீஸ் வைத்து ஆட்டிவிட்டேன். ஆட்டிவிட்டுக் குளித்துவிட்டு வந்து பார்த்தால் அது இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. சத்தம் என்பது மருந்துக்கும் இல்லை.

குடை மட்டும் கடையில் வாங்கினேன். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். பாலக்காட்டுப் பக்கமிருந்து வருகிற எங்கள் ஊர்க் காற்று அம்மியைத் தேடிக்கொண்டிருக்கவில்லை, குடையை எடுத்துக்கொண்டது. முருங்கைமேல் தலைகீழாக மாட்டி, ஒரு கிளையையும் முறித்துக்கொண்டு இறங்கியது. அந்த இடத்தில் ஆங்கிள் சட்டம் அடித்து நிழலுக்குப் பச்சை வலை கட்டினேன். அது இன்றைக்கும் அசையவில்லை.

தண்ணீர் போன இடம்

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நித்யாவின் கட்டிடத்தில் ஒரு நீரூற்று இருக்கிறது. தொட்டிக்கு நடுவில் முழங்கால் உயரத்துக்குச் சளசளவென்று தண்ணீர் வரும். கமலவேணி போனில் அதைப் பற்றி இரண்டு முறை சொன்னாள். பக்கத்தில் உட்கார்ந்தால் காதுக்குக் குளுகுளுவென்று இருக்கிறதாம்.

முழங்கால் உயரம் தண்ணீர் எழும்ப ஒரு சின்ன மோட்டார் போதும். மீன்தொட்டிக் கடையில் கிடைக்கும். என்னிடம் இருந்ததோ ஒரு தோட்டத்துக்காரர் ரிப்பேருக்குக் கொடுத்துவிட்டுத் திரும்ப வராத மோட்டார். தென்னந்தோப்புக்குத் தண்ணீர் இறைத்தது. சும்மாதானே கிடக்கிறது என்று அதைப் பொடக்காலித் தண்ணீர்த் தொட்டியில் இறக்கி, வாயில் பித்தளை நாசில் ஒன்றை மாட்டி, சுவிட்சைப் போட்டேன்.

தண்ணீர் போனது. நிமிர்ந்து பார்த்தேன், இன்னும் போய்க்கொண்டிருந்தது. பச்சை வலையைத் தாண்டி, முருங்கையைத் தாண்டி, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று ஒரு கணம் விசாரித்துவிட்டு, பக்கத்து வீட்டு மொட்டைமாடியில் இறங்கியது. நான் ஓடிப்போய் சுவிட்சை அணைப்பதற்குள் அங்கே காயவைத்திருந்த கூழ்வடகம் மறுபடியும் கூழாகிவிட்டது.

பக்கத்து வீடு நாச்சிமுத்து அண்ணனுடையது. மில்லில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். சற்று நேரத்தில் வெள்ளை வேட்டியும் சட்டையுமாக வாசலில் வந்து நின்றார்.

"ஏனுங்க தம்பி, உங்க ஊட்டுத் தண்ணி எங்க மொட்டைமாடி வரைக்கும் வந்துபோட்டுப் போச்சுங்க. அதான், நல்லா இருக்கறீங்களான்னு ஒரு எட்டுப் பாத்துப்போட்டுப் போலாம்னு வந்தனுங்க."

இவ்வளவுதான் சண்டை. வடகத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இப்படிப்பட்ட மனிதரிடம் வேறென்ன சொல்ல முடியும்? வாங்க, உள்ளே வந்து உட்காருங்கள் என்று பொடக்காலிக்குக் கூட்டிப்போனேன். பேக்கரியில் டீ வாங்கி வந்து ஊஞ்சலில் உட்காரவைத்தேன். போகும்போது வாசல்வரை வந்து, "டெய்லி வாங்கண்ணா, சாயங்காலம் சும்மாதான் இருக்கறேன்" என்றேன்.

மற்ற ஊர்களில் இதற்கு, போய் வாருங்கள் என்று பொருள். எங்கள் ஊரிலும் பெரும்பாலும் அப்படித்தான். நாச்சிமுத்து அண்ணன் மறுநாள் வந்தார்.

ஊஞ்சல் சபை

அதற்கு மறுநாள் தன் மைத்துனர் ஒருவரைக் கூட்டி வந்தார். ஊஞ்சலைக் காட்டுவதற்காக. பிறகு அந்த மைத்துனரின் மனைவி, ஒறம்பரை என்று நாங்கள் சொல்கிற சொந்தபந்தம், நடைப்பயிற்சிக்குப் போகிறவர்கள், நடைப்பயிற்சியைப் பாதியில் விட்டவர்கள். வருகிற ஒவ்வொருவரிடமும் நான் சேனலின் கனத்தையும் பேரிங்கின் அருமையையும் விளக்கினேன். எனக்கு ஒரே பெருமை. எல்லோருக்கும் ஒரே குறைதான். ஊஞ்சல் என்றால் கிரீச் கிரீச்சென்று ஒரு சத்தம் வேண்டுமாம். "சத்தமில்லாத ஊஞ்சல்ல உக்காந்தா என்னமோ ஒளிஞ்சிருக்கறாப்பல இருக்குதுங்க தம்பி" என்றார் நாச்சிமுத்து அண்ணன். பேரிங்கின் அருமை தெரியாதவர்கள் என்று விட்டுவிட்டேன்.

ஆடி முடியப்போகிற ஒரு நாள் கமலவேணி வந்தாள். கையைப் பிடித்துப் பின்னால் கூட்டிப்போனேன். பச்சை நிழலைப் பார்த்தாள். துவைக்கிற கல் திரும்பக் கிடைத்ததைப் பார்த்தாள். தொட்டியில், கடையில் வாங்கிய சின்ன மோட்டார் முழங்கால் உயரத்துக்கு மட்டும் தண்ணீரை எழுப்பிக்கொண்டிருந்தது. ஊஞ்சலில் உட்கார்ந்து காலால் லேசாக உந்தினாள்.

"ஆடுதுங்களா? சத்தமே காணோம்" என்றாள். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. வீட்டை விற்கிற பேச்சு அத்தோடு போயிற்று என்று நினைத்தேன்.

அப்போதுதான் வாசலில் மணி அடித்தது. "அம்மணி வந்தாச்சுங்களாட்ட இருக்குது" என்றது நாச்சிமுத்து அண்ணன் குரல். கமலவேணி எழுந்து டீ போடப் போனாள்.

மறுநாளும் போனாள். அதற்கு மறுநாள் டீயோடு பஜ்ஜியும் கேட்காமலே போட்டாள். வீடு தேடி வந்தவர்களுக்கு வெறும் டீ கொடுத்து அனுப்புவது எங்கள் பெண்களுக்குத் தெரியாது. நான் வந்தவர்களோடு வலை நிழலில் உட்கார்ந்திருந்தேன். அவள் அடுப்புக்கும் பொடக்காலிக்கும் நடந்துகொண்டிருந்தாள். இரும்பு அடைத்துக்கொண்டிருந்தபோதாவது டிரம்மின்மேல் பாதி டம்ளர் குடித்தாள்.

ஆவணி பிறக்க ஒரு வாரம்கூட இல்லாதபோது, பாத்திரம் துலக்கிக்கொண்டே சொன்னாள். "நீங்க நல்லாத்தான் பண்ணியிருக்கறீங்க. ஆனா நாம ஃப்ளாட்டுக்கே போயிரலாமுங்க. அங்க கூப்பிட்டாத்தான் வருவாங்க."



முட்டிவலி

வருகிறவர்களை வராதீர்கள் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வேலை. சொல்லிப் பாருங்கள் தெரியும். தெருவில் போகிறவரைக்கூட, "வாங்க, டீ குடிச்சுப்போட்டுப் போலாமுங்க" என்று கூப்பிட்டே பழகிய வாய். வராதீர்கள் என்பதற்கு எங்கள் பேச்சில் மரியாதையான வார்த்தையே இல்லை. இரண்டு நாள் கண்ணாடிமுன் நின்று பழகிப் பார்த்தேன். எப்படித் தொடங்கினாலும் வாங்க என்றுதான் முடிந்தது.

கடைசியில் ஒரு யோசனை வந்தது. நாச்சிமுத்து அண்ணனிடம், கமலவேணிக்கு முட்டிவலி, அவளால் நிற்க முடிவதில்லை என்று பக்குவமாகச் சொன்னேன். குறிப்பறிந்துகொள்வார் என்று எண்ணினேன். "அடடா" என்றார், வேகமாகப் போனார்.

சாயங்காலம் மொத்தக் குடும்பமும் வந்தது. ஆப்பிள், ஹார்லிக்ஸ், ஒரு தைலப் புட்டி. அவருடைய மைத்துனர் குடும்பமும் நலம் விசாரிக்க வந்தது. தெருவில் கேள்விப்பட்டவர்களும் வந்தார்கள். முட்டிவலிக்காரி எல்லோருக்கும் நின்றுகொண்டே டீ போட்டாள். டம்ளர் போதாமல் பக்கத்து வீட்டில் வாங்கி வந்தோம்.

எல்லோரும் போனபின் அவள் தைலப் புட்டியை என் முன்னால் வைத்தாள். "நீங்களே தேச்சுக்குங்க" என்றாள்.

ஆவணி

ஆவணி பிறந்தது. நித்யா அன்றைக்குச் சாயங்காலம் பதில் கேட்டுப் போன் செய்வதாகச் சொல்லியிருந்தாள். ஃப்ளாட்காரர் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவாராம்.

பட்டறையில் எத்தனையோ மிஷின் பழகியிருக்கிறேன். கேஸ் அடுப்பு மட்டும் பழகியதில்லை. பழகினால் என்ன என்று அன்றைக்குத் தோன்றியது. வழக்கமாக ஆட்கள் வருகிற நேரத்துக்கு முன்னாலேயே சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். முதல் பால் பொங்கியது. இரண்டாவது டீ ஆயிற்று. இரண்டு டம்ளரில் ஊற்றி எடுத்து வந்தேன். கமலவேணி என்னையும் டம்ளரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"யாருக்குங்க?" என்றாள். உனக்குத்தான், வா என்றேன்.

பலகையின் ஓட்டையில் ஒரு டம்ளர். அவள் கையில் ஒன்று. பக்கத்தில் நானும் உட்கார்ந்தேன். தொட்டியில் தண்ணீர் சளசளத்தது. அவள் இன்னும் வாய் வைக்கவில்லை. வாசலில் மணி அடித்தது.

பழக்க தோஷம், எழுந்துவிட்டேன். "வாங்க" என்பது வாய்வரை வந்துவிட்டது. கமலவேணி என் கையைப் பிடித்து இழுத்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அப்படி இழுத்ததில்லை.

"உக்காருங்க" என்றாள், காற்று மட்டும் வருகிற குரலில். மகள் வீட்டில், நித்யா கம்ப்யூட்டரில் ஆபீஸ் மீட்டிங்கில் இருக்கிறபோதெல்லாம் அப்படிப் பேசித்தான் பழகியிருந்தாள்.

உட்கார்ந்தேன். என் கனத்துக்கு ஊஞ்சல் பின்னால் போய் முன்னால் வந்தது. கிரீச்சென்று ஒரு சத்தம் வந்திருந்தால் தெருவுக்கே கேட்டிருக்கும். வரவில்லை. லாரி பேரிங், கிரீஸ் வைத்தது. வாழ்நாளில் நான் செய்த வேலைகளிலேயே உருப்படியானது இதுதான் என்று அந்த நிமிஷம் பட்டது.

மறுபடி மணி அடித்தது. அப்போதுதான் எங்கள் இரண்டு ஜோடிச் செருப்பும் வாசற்படியில் கிடப்பது நினைவுக்கு வந்தது. ஸ்கூட்டரும் அங்கேதான் நிற்கிறது. நாச்சிமுத்து அண்ணன் பார்த்திருப்பார். கண் நன்றாகத் தெரிகிற மனிதர்.

வாசலில் அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். பிறகு கூட வந்தவர்களிடம், பொடக்காலிவரை கேட்கும்படி உரக்கச் சொன்னார். "ஊட்டுல ஆளில்லீங்களாட்ட இருக்குது. வாங்க, நம்ம ஊட்டுக்குப் போலாம்."

காலடிச் சத்தம் தேய்ந்தது. மறுநாள் அவர் வீட்டுக்கு நானே போய், வடகத்துக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்க நினைத்து, கடைசியில் காற்றைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசிவிட்டு வந்தேன். அவரும் செருப்பைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. இப்போது சபை ஒரு நாள் அங்கே, ஒரு நாள் இங்கே. இங்கே கூடுகிற நாளில் டீ என் பொறுப்பு.

அன்றைக்கு நடந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன். காலடிச் சத்தம் நின்றதும் கமலவேணியின் மடியில் போன் அதிர்ந்தது. நித்யா. போனைக் காதில் வைத்தாள். பக்கத்திலிருந்த எனக்கும் கேட்டது.

"அம்மா, இன்னைக்குப் பதில் சொல்லோணும்மா."

"மெதுவாப் பேசு கண்ணு. நாங்க ஊட்டுல இல்ல."

"ஊட்டுல இல்லியா? எங்க போயிருக்கறீங்க?"

கமலவேணி பச்சை நிழலை ஒரு முறை பார்த்தாள். என்னை ஒரு முறை பார்த்தாள்.

"பொடக்காலிக்கு வந்திருக்கறோம். இங்கயே இருந்துக்கறோம்னு அந்த ஃப்ளாட்டுக்காரர்கிட்டச் சொல்லீரு."

போனை வைத்துவிட்டு டீயைக் குடித்தாள். ஆவி பறந்துகொண்டிருந்தது. நானும் ஒரு வாய் குடித்தேன். சர்க்கரை போட மறந்திருக்கிறேன். எழுந்து எடுத்து வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்று தலையாட்டினாள். டம்ளர் காலியாகும்வரை அவள் ஊஞ்சலைவிட்டு இறங்கவில்லை.